திண்டிவனம் டு வேலூர்: அத்தையும் அண்ணன் பொண்ணும் ரெண்டு சைக்கிளும்

முதல் நாள், திங்கள். திண்டிவனம் – செஞ்சி

பொங்கல் முடிஞ்சதும் கிளம்பிடலாம்னு ரெண்டு மாசமா பேசிட்டே இருந்தோம், இன்னைக்கு தான் கிளம்பினோம். நானும் என் அண்ணன் பொண்ணும். எனக்கு 43, அவளுக்கு 20. அண்ணன் ரெண்டு சைக்கிளையும் வேன்ல ஏத்திட்டு வந்து காலைல அஞ்சரைக்கு திண்டிவனத்துல இறக்கி விட்டுட்டு, "பாத்து போங்க, லாரி வந்தா இறங்கி நின்னுக்குங்க"ன்னு நாலு தடவ சொல்லிட்டு தான் திரும்பினாரு.

ரூட் இதுதான்: செஞ்சி, திருவண்ணாமலை, போளூர், அங்கேருந்து ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர், அப்புறம் காவலூர், ஆலங்காயம் வழியா இறங்கி வேலூர். இந்த ரோட்ல பஸ்ல எத்தனையோ தடவ போயிருக்கேன். ஜன்னல்ல இருந்து பார்த்தா மலை எல்லாம் சும்மா ஓரமா உக்காந்திருக்கிற மாதிரி தான் தெரியும். ஆனா கோட்டை, சமண குகை, பெரிய கோயில், டெலஸ்கோப்புன்னு இந்த பக்கத்துல பேர் சொல்ற மாதிரி இருக்கிற எல்லாமே மலைய நம்பி வந்தது தான். ஏன் அங்கங்க வந்து உக்காந்துச்சுன்னு மிதிச்சு பார்த்து தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இன்னொரு காரணம் எங்கம்மா. எங்களுக்கு சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம். 91, 92ல பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்போ அங்க ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, அப்போ கலெக்டரா இருந்தது ஷீலா ராணி சுங்கத். அம்மா அங்கன்வாடில வேலை பார்த்தாங்க, வாடகை சைக்கிள் எடுத்து கோயில் மைதானத்துல விழுந்து விழுந்து கத்துக்கிட்டு, அப்புறம் என்னைய பின்னாடி கேரியர்ல வச்சுக்கிட்டு எல்லா இடத்துக்கும் போவாங்க. எனக்கு சைக்கிள் சொல்லிக் கொடுத்ததும் அவங்க தான். வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு டயரையும் கட்டைவிரலால அமுக்கி பார்க்கணும்ங்கிறது அவங்க போட்ட முதல் பாடம்.

ரோடு நல்லா இருந்துச்சு, ஓரத்துல ஒதுங்கி போக இடமும் இருந்துச்சு. மெயின் ரோட்ல லாரி சத்தம் தாங்கலன்னு பாதி தூரத்துல ஒரு கிராமத்து ரோட்டுக்குள்ள திரும்பினோம், அங்க தான் மாட்டிக்கிட்டோம். சம்பா அறுவடை நேரம், ரோட்ல பாதிக்கு நெல்லு காய வச்சிருக்காங்க, மீதி பாதில வைக்கோல். மெதுவா போனா ஒண்ணும் ஆகாதுன்னு வைக்கோல் மேலயே விட்டோம். ஒரு அம்பது அடி போயிருப்போம், அவ சைக்கிள் பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு. இறங்கி பார்த்தா பின்னாடி கியர் மாத்துற இடத்துல ரெண்டு குட்டி பல் சக்கரம் இருக்கும்ல, அதுக்குள்ள வைக்கோல் கயிறு திரிச்ச மாதிரி சுத்தி இறுகி போய் கெடக்கு. இழுத்தா அறுந்து வருது, வேர் உள்ளேயே நிக்குது. செயினை பின்னாடி பக்கமா சுத்தி சுத்தி, ஊக்கால ஒவ்வொரு இழையா எடுக்க முக்கால் மணி நேரம். களத்துல இருந்த ஒரு அக்கா வந்து பார்த்துட்டு கருக்கருவாள நீட்டினாங்க, அதோட முனையால தான் கடைசி சுத்து வெட்டுப்பட்டுச்சு. இது தெரியாம அழுத்தி மிதிச்சிருந்தா கியர் தாங்குற கொக்கி ஒடிஞ்சிருக்கும், பயணம் முதல் நாளே முடிஞ்சிருக்கும். அறுவடை சீசன்ல யாராவது போனா வைக்கோல் கண்ட இடத்துல இறங்கி தள்ளிட்டு போங்க, நிஜமா சொல்றேன்.

செஞ்சி நெருங்க நெருங்க நிலம் மாறுது. வயலுக்கு நடுவுல திடீர்னு பாறை குவியல், யாரோ லோடு லோடா கல்லை கொட்டிட்டு போன மாதிரி. மதியம் ரூம் போட்டு தூங்கி எழுந்து நாலு மணிக்கு திருநாதர் குன்றுக்கு போனோம், ஊருக்கு வடக்கால கொஞ்ச தூரம் தான். கல்லுல வெட்டின படி ஏறினா மேல ஒரு பெரிய பாறைல சமணர்கள் கும்பிடுற 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேரா ரெண்டு வரிசை. பக்கத்துலயே ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்திங்கிற ஆசிரியர் 57 நாள் சாப்பிடாம இருந்து உயிர விட்ட இடம் இதுன்னு சொல்லுது. சுத்தி பார்த்தா வெறும் பாறையும் காத்தும் தான். கீழ டிராக்டர் ஓடுற சத்தம் ரொம்ப சன்னமா கேக்குது. அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா, "57 நாளும் இத தான் அத்தை பாத்துட்டு இருந்திருப்பாரு"ன்னா.

நைட்டு அம்மா போன் பண்ணாங்க. சாப்டியான்னு கூட கேக்கல, "காத்து பாத்தியாடி?" அதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது நாள், செவ்வாய். செஞ்சி – திருவண்ணாமலை

காலைல கேட் தொறந்ததும் ராஜகிரி ஏற ஆரம்பிச்சோம். சுமார் 800 அடி உயரம், வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிடணும்னு வேகமா ஏறுனோம், ஆனா படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம், ஒரு கால் எட்டு வச்சா அடுத்தது முழங்கால் உயரத்துக்கு நிக்குது. படி இப்படி இருக்கிறதாலயோ என்னவோ, நாலு பேர் சேர்ந்து ஓடி ஏறுறதுக்கு வழியே இல்ல. திருப்பத்துக்கு திருப்பம் ஒரு வாசல், வாசலுக்கு மேல நின்னு கல்லை தள்ளிவிட்டா போதும்.

செஞ்சி ஒரு மலை இல்ல, மூணு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூணையும் சேர்த்து மதில் கட்டியிருக்காங்க. மேல நின்னா முக்கோணம் மாதிரி அந்த சுவர் ஓடுறது தெளிவா தெரியுது. 1677ல சிவாஜி புடிச்ச கோட்டை. அவர் மகன் ராஜாராம் இங்க வந்து தங்கினப்போ முகலாய படை 1690ல முற்றுகை போட ஆரம்பிச்சு 1698ல தான் உள்ள நுழைய முடிஞ்சுது. எட்டு வருஷம்! அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சு வேலூர் பக்கம் போயிட்டாரு, அதாவது நாங்க இப்போ சுத்தி சுத்தி போய்ச் சேரப் போற அதே ஊருக்கு. 2025 ஜூலைல மராத்தா கோட்டைகள் 12 சேர்த்து உலக பாரம்பரிய பட்டியல்ல வந்துச்சுல்ல, அதுல 11 மகாராஷ்டிரால, மிச்சம் ஒண்ணு இதுதான்.

உச்சிக்கு போறதுக்கு முன்னாடி பாறை ரெண்டா பிளந்து கெடக்கு, நடுவுல சின்ன பாலம். அந்த பாலத்த எடுத்துட்டா மேல இருக்கிறவன யாரும் தொட முடியாது. அங்க நின்னு கீழ எட்டி பார்த்தப்போ எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு, அவ கைய பிடிச்சுக்கிட்டு தான் தாண்டினேன். மேல ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, காத்து. தண்ணி குடிக்கும்போது பாட்டில காத்து தள்ளுது.

தேசிங்கு ராஜா கதை தெரியாதவங்க இந்த பக்கம் கிடையாது. நீலவேணி குதிரை, மகமத்கான் நட்பு, ஆற்காடு நவாபு படைய எதிர்த்து 1714ல செத்தது. அப்போ அவருக்கு 22 வயசுன்னு சொல்றாங்க. கீழ செட்டிக்குளம் பக்கத்துல தான் அவர எரிச்சதா சொல்ற மேடை, அவரோட மனைவி அந்த சிதைலயே இறங்கினதும் அங்க தானாம். அந்த பொண்ண நெனச்சு நவாபு வச்ச பேர் தான் ராணிப்பேட்டைன்னு சொல்வாங்க. பாட்டு எல்லாம் குதிரைய பத்தி, வாள் பத்தி. அந்த பொண்ணோட வயசு என்னன்னு என் மருமக கேட்டா. இருபது கூட இருந்திருக்காதுன்னேன். அவ அந்த மேடைய பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னா, நானும் கூப்பிடல.

கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம் எல்லாம் பார்த்தோம், அதுல அந்த களஞ்சியம் மட்டும் சொல்லணும், உள்ள நின்னு கூப்பிட்டா நம்ம குரல் திரும்பி நம்மகிட்டயே வருது, சுவர் அவ்வளவு தடி. எட்டு வருஷம் தாக்குப்புடிச்சது பீரங்கியால இல்ல, இந்த நெல்லாலயும் அந்த குளத்து தண்ணியாலயும் தான்னு எனக்கு தோணுது.

மூணு மணிக்கு தான் சைக்கிள் எடுத்தோம். திருவண்ணாமலைக்கு 40 கிலோமீட்டருக்குள்ள தான், ஆனா காலைல படி ஏறின தொடை சொன்ன பேச்சு கேக்கல, எதிர்காத்து வேற. நான் முன்னாடி போவேன், அவ என் பின் சக்கரத்துக்கு ஒட்டி வருவா, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருதடவ மாத்திக்குவோம். முன்னாடி போறவங்க காத்த வாங்கிக்கிறாங்க, பின்னாடி வர்றவங்களுக்கு மிதி லேசாயிடும், இத பழகிட்டா எதிர்காத்து பாதி பயம் போயிடும். கீழ்பென்னாத்தூர் தாண்டினப்போ அண்ணாமலை மொத்தமா தெரிய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மிதிச்சும் மலை கிட்ட வரவே மாட்டேங்குது. இருட்டிட்டுது. லைட் போட்டுக்கிட்டு ஆறே முக்காலுக்கு ஊருக்குள்ள வந்தோம்.

மூணாவது நாள், புதன். திருவண்ணாமலை

இன்னைக்கு கொஞ்சமா தான் எழுதுறேன், கால் வலி.

விடியக்காலைல நாலரைக்கு எழுந்து கிரிவல பாதை 14 கிலோமீட்டர் சைக்கிள்ல போனோம். நடக்கிறவங்களுக்கு இடைஞ்சல் பண்ணாம ஓரமா, மெதுவா, லிங்கம் லிங்கமா நின்னு. எட்டு லிங்கத்துலயும் இறங்கி கும்பிட்டுட்டு தான் போனோம். மலையோட உயரம் சுமார் 2,670 அடி, ஆனா சுத்தி வரும்போது தான் அது ஒரே மலை இல்லங்கிறது தெரியுது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேற உருவம், ஒரு இடத்துல ஒத்தை உச்சி, ஒரு இடத்துல நந்தி படுத்திருக்கிற மாதிரி, குபேர லிங்கம் பக்கம் வந்தா மொத்தமா வேற. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு பதினாறு வயசு பையன் வீட்டுல சொல்லாம இந்த ஊருக்கு வந்து இறங்கினாரு, ரமண மகரிஷி, அப்புறம் கடைசி வரைக்கும் இந்த மலைய விட்டு வேற ஊருக்கு போகல. விடியல்ல அந்த மலைய பார்த்தா அது ஒண்ணும் அதிசயமா தெரியல.

கோயில்ல ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை, கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சது. எனக்கு புடிச்சது உள்ள இருக்கிற வல்லாள மகாராஜா கோபுரம். மூணாம் வல்லாளன், ஹோய்சள ராஜா, வடக்குல டெல்லி படை வந்தப்போ இந்த ஊர தலைநகரா வச்சுக்கிட்டவரு. இந்த ஊர் சாமி ஊர்னு மட்டும் தான் நமக்கு தெரியும், ஒரு காலத்துல ராஜாவோட ஊராவும் இருந்திருக்கு.

மத்தியானம் ரெண்டு செயினையும் துணியால துடைச்சு எண்ணெய் விட்டேன். வைக்கோல் தூசி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

நாலாவது நாள், வியாழன். திருவண்ணாமலை – திருமலை – போளூர்

போளூர் 35 கிலோமீட்டர், நேர் ரோடு, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. பஸ் எல்லாம் கைய உரசிட்டு போற மாதிரி போனாங்க, அது மட்டும் பயமா இருந்துச்சு. லாட்ஜ்ல பைய வச்சுட்டு வெறும் சைக்கிள்ல ஆரணி ரோட்ல வடமாதிமங்கலம் பக்கம் திருமலைக்கு போனோம், திருப்பதி இல்ல, சமணர் திருமலை.

ஊர் பேரு கேள்விப்படாதவங்க நிறைய பேர் இருப்பீங்க, தயவு செஞ்சு ஒருதடவ போங்க. அடிவாரத்துல குந்தவை ஜினாலயம், ராஜராஜ சோழனோட அக்கா குந்தவை பேர்ல இருக்கிற சமண கோயில். சைவ ராஜகுடும்பத்து பொண்ணு பேர்ல இந்த மலைல ஒரு சமண கோயில்! குகைக்குள்ள பழைய ஓவியம், நிறம் மங்கிப்போனாலும் கோடு இருக்கு. பாறைய குடைஞ்சு செதுக்கின நேமிநாதர் 16 அடி, தமிழ்நாட்டுலயே உயரமான தீர்த்தங்கரர் சிலை இதுதான்னு சொல்றாங்க. ராஜேந்திர சோழன் படை கங்கை வரைக்கும் போன விவரத்த ஊர் ஊரா பேரு சொல்லி எழுதின கல்வெட்டும் இந்த மலைல தான் இருக்கு. வரலாற்று புஸ்தகத்துல திருமலை கல்வெட்டு, திருமலை கல்வெட்டுன்னு படிச்சது இங்க இருக்கிறது தான்னு நின்னு பார்த்தப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு.

அங்கேருந்து மேற்கால பார்த்தா ஜவ்வாது மலை, நீளமா, நீலமா, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் வரைக்கும் முடிவே இல்லாம. "நாளைக்கு அங்கயா அத்தை?"ன்னு கேட்டா. ஆமாம்டின்னேன். அதுக்கப்புறம் லாட்ஜ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல.

அஞ்சாவது நாள், வெள்ளி. போளூர் – ஜமுனாமரத்தூர்

இத எழுதும்போது கை நடுங்குது, குளிரா களைப்பான்னு தெரியல. ஏறிட்டோம்.

அஞ்சு மணிக்கு கிளம்பினோம். அத்திமூர் வரைக்கும் சமவெளி, அப்புறம் காடு ஆரம்பம், அப்புறம் ரோடு மலைய கட்டிப்புடிச்சுக்குது. போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் 40 கிலோமீட்டர் வரும், மொத்தமா ஐந்நூறு மீட்டருக்கு மேல ஏறணும், அதுல பெரும்பகுதி இந்த நடுத்துண்டுல தான்.

மலை ஏத்தத்துல முதல் பத்து நிமிஷம் தான் எல்லாத்தையும் கெடுக்கும். உடம்பு ப்ரெஷ்ஷா இருக்கும், வேகமா மிதிச்சிடுவோம், அப்புறம் மூச்சு வாங்கி நின்னுடுவோம். அதனால ஆரம்பத்துலயே சின்ன கியருக்கு போயிடணும். என் சைக்கிள்ல முன்னாடி 28 பல், பின்னாடி 34 பல், அந்த கியர்ல ஒரு சுத்து மிதிச்சா வண்டி ஒண்ணே முக்கால் மீட்டர் தான் நகரும். சமவெளில பெரிய கியர்ல இதே ஒரு சுத்துக்கு ஏழு மீட்டருக்கு மேல போகும். நடந்து போறவங்க நம்மள தாண்டிடுவாங்க, போகட்டும். பேச முடியுற அளவுக்கு மூச்சு இருக்கணும், அதுதான் அளவு. நாங்க வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே ஏறுனோம், பதிமூணாம் வாய்ப்பாடு. மூச்சு வாங்கி வாய்ப்பாடு நின்னா வேகத்த குறைக்கணும்னு அர்த்தம்.

மூணாவது வளைவுலயே அவளுக்கு முடியல. கொண்டை ஊசி வளைவுல உள் பக்கம் செங்குத்தா இருக்கும், வெளி பக்கமா அகலமா சுத்தினா சாய்வு கம்மி. ஆனா எதிர்ல வண்டி வருதான்னு பார்த்துட்டு தான் சுத்த முடியும். அவ உள் பக்கமாவே வந்து, பெடல் நின்னு, காலை ஊனிட்டா. முகம் எல்லாம் செவந்து போய், கண்ணுல தண்ணி. "நீங்க போங்க அத்தை, நான் பஸ்ல வரேன்." நான் ஒண்ணும் சொல்லல. சைக்கிள மரத்துல சாத்திட்டு உப்பு சர்க்கரை தண்ணி கரைச்சு கொடுத்தேன், ரெண்டு வாழைப்பழம். அவ பெடல் மிதிக்கிற விதத்த பார்த்தேன், சீட் உயரம் ரெண்டு விரல் இறங்கி இருந்துச்சு, வேன்ல ஏத்தும்போது இறக்கினத யாரும் திருப்பி ஏத்தல. நாலு நாள் அப்படியே மிதிச்சிருக்கா, முழங்கால் தான் மொத்த பாரத்தையும் வாங்கியிருக்கு. முதல் நாளே நான் பார்த்திருக்கணும், டயரை மட்டும் அமுக்கி பார்த்துட்டு சீட்ட விட்டுட்டேன். அத சரி பண்ணி, அவ பைல பாதிய என் கேரியருக்கு மாத்திக்கிட்டு, "அடுத்த வளைவு வரைக்கும் தள்ளிக்கிட்டு போவோம், அப்புறம் மிதிப்போம்"னேன். தள்ளினோம். ஒரு கிலோமீட்டர் தள்ளினோம். அப்புறம் அவளே ஏறி உக்காந்தா.

பாதி மலைல ஒரு திருப்பத்துல காத்து மாறுச்சு. நிஜமா அந்த இடத்த கோடு போட்டு காட்டலாம். கீழ இருந்து வந்த சூடு நின்னு, வேற ஒரு வாசனை, ஈர மண்ணு, காஞ்ச இலை. அதுக்கப்புறம் வண்டி சத்தமே இல்ல. செயின் ஓடுற சத்தமும் எங்க மூச்சும் தான்.

மேல போனா அங்க ஒரு தனி உலகம், மலைக்கு மேல சமவெளி, வயல், ஏரி, சின்ன சின்ன ஊர். மலையாளிங்கன்னு சொல்ற மலைவாழ் மக்கள், மலைய ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல, கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சாமை தான் முக்கியமான வெள்ளாமை. ஒரு வீட்டு திண்ணைல உக்கார சொல்லி சாமை சோறும் மொச்சை குழம்பும் போட்டாங்க, காசு கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க, கடைசில அவங்ககிட்டயே ரெண்டு கிலோ சாமை விலைக்கு வாங்கினேன், பாரம் கூடினாலும் பரவால்லன்னு. அந்த வீட்டு பாட்டி என் மருமகள மேலயும் கீழயும் பார்த்து, "இந்த மலைய மிதிச்சுக்கிட்டா வந்தீங்க, பொம்பளப் புள்ளைங்க?"ன்னு கேட்டாங்க. "ஆமா பாட்டி, கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டு"ன்னு அவ சொன்னா. எனக்கு அந்த பதில் ரொம்ப புடிச்சிருந்துச்சு.

செய்யாறு உற்பத்தி ஆகுறது இந்த மலைல தான். நேத்து நாங்க பார்த்த வயலுக்கு எல்லாம் தண்ணி இங்கேருந்து தான் இறங்குது.

நைட்டு ரூமுக்கு வெளிய வந்து லைட்ட அணைச்சுட்டு பார்த்தோம். நட்சத்திரம்னா என்னன்னு மறந்தே போயிருந்தேன். இத்தனை வருஷமா பார்த்தது எல்லாம் பத்து பதினஞ்சு தான், இங்க வானத்துல இடமே இல்ல. குளிர்ல போர்வைய போத்திக்கிட்டு பத்து மணி வரைக்கும் நின்னோம். அம்மாவுக்கு போன் கிடைக்கல, டவர் இல்ல.

ஆறாவது நாள், சனி. ஜமுனாமரத்தூர் – காவலூர் – வேலூர்

நேத்து வானத்த ஏன் அப்படி பார்த்தோம்னா, இன்னைக்கு போன ஊர் அதுக்கு தான் பேர் போனது. காவலூர். வைணு பாப்புங்கிற விஞ்ஞானி 1960கள்ல தென்னிந்தியாவுல டெலஸ்கோப் வைக்க இடம் தேடி அலைஞ்சு இந்த மலைய தேர்ந்தெடுத்தாரு. இருட்டு, ஊர் வெளிச்சம் இல்ல, அதோட இவ்வளவு தெற்கால இருந்தா தென் வானத்து நட்சத்திரங்களும் நல்லா தெரியும். முதல்ல வச்சது 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் தான். பெருசு 2.34 மீட்டர், நம்ம நாட்டுலயே செஞ்சது, 1986 ஜனவரில திறந்தாங்க. அவர் 82லயே இறந்துட்டாரு, அத பார்க்கல. இங்க இருக்கிற டெலஸ்கோப்ப வச்சு தான் 77ல யுரேனஸ சுத்தி வளையம் இருக்கிறத பதிவு பண்ணாங்க. 88ல இங்க கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு கணித மேதை ராமானுஜன் பேர் வச்சிருக்காங்க.

உள்ள விடுற நேரமும் எங்க நேரமும் ஒத்து வரல, மரத்துக்கு மேல தெரியுற வெள்ளை டோமை வெளிய நின்னே பார்த்துட்டு கிளம்பினோம். அவளுக்கு வருத்தம், பிசிக்ஸ் படிக்கிறவ. இன்னொரு தடவ வரேன், பஸ்ல இல்ல, இதே சைக்கிள்லன்னா.

அப்புறம் இறக்கம். ஏத்தத்த விட இறக்கத்துல தான் எனக்கு பயம் ஜாஸ்தி. பிரேக்க தொடர்ந்து புடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிக்கும், பிரேக் கட்டை உருகுற வாசனை வரும், அதோட ஒரு கட்டத்துல புடிமானமே போயிடும். வளைவுக்கு முன்னாடியே அழுத்தி வேகத்த குறைச்சுட்டு, வளைவுக்குள்ள விட்டுடணும், முன்னும் பின்னும் மாத்தி மாத்தி. நாலு வளைவுக்கு ஒருதடவ நின்னு ரிம்ம தொட்டு பார்த்தோம், விரல் வைக்க முடியல, ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தோம். கை ரெண்டும் மரத்து போச்சு. ஆலங்காயம் வந்து டீ கிளாஸ புடிச்சா கிளாஸ் ஆடுது.

ஆலங்காயத்துல இருந்து ஒடுகத்தூர், அணைக்கட்டு வழியா வேலூர். மத்தியான வெயில், வலது பக்கம் முழுக்க நாங்க இறங்கி வந்த மலை கூடவே வருது. இந்த பயணத்துலயே நீளமான நாள் இது தான், சைக்கிள் மீட்டர்ல 80 கிலோமீட்டர தாண்டிடுச்சு, ஆனா ஏனோ ரெண்டு பேருக்கும் நிக்க தோணல. விரிஞ்சிபுரம் கோயில் கிட்ட தான், ஒரு சுத்து சுத்தினா பார்த்துடலாம்னு ஆசையா இருந்துச்சு, ஆனா இருட்டுறதுக்குள்ள ஊருக்குள்ள போகணும்னு விட்டுட்டோம்.

ஏழாவது நாள், ஞாயிறு. வேலூர்

செஞ்சி மலைய நம்பின கோட்டை, வேலூர் தண்ணிய நம்பின கோட்டை. அகழி இன்னைக்கும் தண்ணியோட இருக்கு. சிவாஜி படைக்கு செஞ்சி சட்டுனு கிடைச்சுது, வேலூர புடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், தூண் ஒவ்வொண்ணுலயும் குதிரை, யாளி, வீரன், கல்லுன்னே நம்ப முடியல. பல காலம் மூலவர் இல்லாம வெறும் கோயிலா கெடந்தது, 1981ல தான் லிங்கத்த திருப்பி கொண்டு வந்து வச்சாங்க. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியக்காலைல சிப்பாய்ங்க எழுந்தது இந்த கோட்டைக்குள்ள தான், தலப்பாகைய மாத்து, நெத்திக்குறிய அழி, தாடிய எடுன்னு வெள்ளக்காரன் உத்தரவு போட்டதுக்கு. 1857க்கு அம்பது வருஷம் முன்னாடி. ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்து அன்னைக்கே அடக்கிட்டாங்க. நாங்க நேத்து நாள் பூரா மிதிச்ச தூரத்துல மூணுல ஒரு பங்கு கூட இருக்காது அது. திப்பு சுல்தான் குடும்பத்த சிறை வச்சிருந்ததும் இங்க, கண்டியோட கடைசி ராஜா கைதியா இருந்து 1832ல செத்ததும் இங்க தான், அவர் சமாதி பாலாத்து கரைல இருக்கு.

பதினோரு மணிக்கு அண்ணன் வேனோட வந்தாரு. பின் கதவ தொறந்தா அம்மா. சொல்லாம கிளம்பி வந்திருக்காங்க, 66 வயசுல, முழங்கால் வலியோட. பேத்திய கட்டிப்புடிச்சு, "கருத்து போயிட்டியேடி"ன்னு முகத்த தடவினாங்க. அப்புறம் கோட்டைய பார்க்கல, எங்கள பார்க்கல, நேரா சைக்கிள் கிட்ட போயி குனிஞ்சு என் பின் டயர கட்டைவிரலால அமுக்கினாங்க.

"காத்து கம்மியா இருக்கு."

"காலைல பார்த்தேன்மா, நல்லா தான் இருந்துச்சு."

"இல்ல. முள்ளு இருக்கும், பாரு."

டயர மெதுவா சுத்தி சுத்தி பார்த்தோம். இருந்துச்சு. சீமைக்கருவேல முள்ளு, தலை ஒடிஞ்சு, ரப்பரோட ரப்பரா மழுங்கி, கறுப்பு புள்ளி மாதிரி. எத்தனை கிலோமீட்டரா கூட வந்துச்சோ தெரியல. நான் பைல இருந்து இடுக்கிய தேடுறதுக்குள்ள அம்மா புடவைல இருந்த ஊக்கு ஒண்ண கழட்டி பேத்தி கைல குடுத்து, "நீ எடு, நான் சொல்றேன்"னு கோட்டை வாசல் படிலயே உக்காந்துட்டாங்க.